பருத்திப்பட்டு சோக்கர்

பருத்திப்பட்டு ஏரிக்குப் போகும் தெருவில், மாடி வீட்டில் குடியிருக்கும் நிவேதிதா செய்கிற சோக்கர் எதையும் அதை அணிகிறவர் தன் கையால் பூட்டிக்கொள்ள முடியாது. வேறு யாராவது பூட்டிவிட வேண்டும். இது முதலில் தெரியவந்தது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை. அன்று ஆவடி மார்க்கெட்டில் தக்காளி கிலோ அறுபது ரூபாய். முருங்கைக்காய் வரவே இல்லை. கறுப்பு வெல்வெட் நாடாவில் ஒரே ஒரு சிவப்புக் கல் பதித்த சோக்கரைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள் நிவேதிதா. கைகள் இரண்டையும் பின்னால் கொண்டுபோய்க் கொக்கியை வளையத்தில் மாட்டினாள். மாட்டிய கொக்கி கழன்று தோளில் விழுந்தது. மறுபடி மாட்டினாள், மறுபடி விழுந்தது. முப்பது தடவைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டாள். தோள்பட்டை கடுத்தது. ஷிப்ட் முடிந்து வந்த கணவன் தமிழ்வாணன், ஒரு கையில் போனைப் பார்த்தபடியே இன்னொரு கையின் இரண்டு விரலால் அதைத் தொட்டான். பூட்டிக்கொண்டது. "இதுக்கா இவ்ளோ நேரம்" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

நிவேதிதாவுக்குச் சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவள். மண்ணூர்பேட்டையில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் அலுவலக வேலை பார்த்தாள். கம்பெனி ஒரகடத்துக்கு இடம் மாறியபோது, போக இரண்டு பஸ் வர இரண்டு பஸ் என்றாகி, வேலையை விட்டாள். வீட்டில் உட்கார்ந்தவள் போனில் பார்த்துப் பார்த்து நகை கோக்கக் கற்றுக்கொண்டாள். பாரிமுனையில் ஏறி இறங்கி வெல்வெட் நாடா, கண்ணாடி மணி, ஒட்டுக்கல், கடைக்காரர்கள் கியர் வயர் என்று சொல்லும் மெல்லிய கம்பி, கொக்கி, வளையம் எல்லாம் வாங்கி வந்தாள். கழுத்தை ஒட்டிக் கிடக்கும் அந்த நகைக்கு வயதானவர்கள் அட்டிகை என்றார்கள், காலேஜ் பெண்கள் சோக்கர் என்றார்கள். இரண்டு கூட்டமும் வாங்கியது. நல்ல கைத்திறன் அவளுக்கு. மணியும் மணியும் ஒட்டும் இடத்தில் வெளிச்சம் புகாது.

அவளிடம் ஒரு குணம் உண்டு. ஒருவரிடம் போய் ஒன்றைக் கேட்பதற்குப் பதில், அது இல்லாமலே இருந்துவிடுவாள். பஸ்ஸில் எல்லாரும் டிக்கெட் காசைக் கைமாற்றி விடும்போது, அவள் மட்டும் நெரிசலில் இடித்துப் பிடித்துக் கண்டக்டர் வரை நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். இப்படிப்பட்டவள் கையிலிருந்து இப்படிப்பட்ட நகை வந்ததுதான் வேடிக்கை என்று அந்தத் தெருவில் சிலர் சொல்வதுண்டு. அவளுக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

கொக்கியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்வும் கொக்கியை எடுத்துவிட்டு எஸ் வளைவுக் கொக்கி வைத்தாள். அது நிமிர்ந்து கம்பியாயிற்று. காந்தப் பூட்டு வைத்தாள். அணிகிறவர் கைபட்ட மாத்திரத்தில் காந்தம் இரண்டும் ஒன்றையொன்று தள்ளின. அடுத்தவர் கைபட்டதும் ஓடி ஒட்டிக்கொண்டன. பிரஸ் பட்டன் அமுங்கவில்லை. கயிறு கட்டிப் பார்த்தாள். முடிச்சு போட்ட கையை எடுப்பதற்குள் முடிச்சு கரைந்தது. பூட்டைக் கழுத்துக்கு முன்பக்கம் கொண்டுவந்து, கண்ணால் பார்த்தே மாட்டும்படி செய்தாள். கண்ணுக்கு எதிரிலேயே கழன்றது. கடைசியில் கொக்கியே வேண்டாம் என்று எலாஸ்டிக்கில் கோத்துத் தலை வழியாகப் போட்டாள். அது நெற்றியில் வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. மாலை ஐந்தரைக்குத் தமிழ்வாணன் வந்து இழுத்துவிடும் வரை நெற்றியில் முத்துமாலையோடு சாம்பார் வைத்தாள். அன்று சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்தது.

தெருமுனை அம்மன் கோயிலுக்கு ஒன்றை எடுத்துப்போய்ப் பூசாரி தங்கவேலிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் வாங்கி அம்மன் கழுத்தில் வைத்தார், உடனே பூட்டிக்கொண்டது. "ஆயிரம் பேருக்குக் கொடுக்கிற கை அது. அவளுக்கே நான்தாம்மா மாட்டி விடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் திருநீறு கொடுக்கப் போய்விட்டார். நிவேதிதாவுக்கு எரிச்சல் கூடியது. அவள் கேட்கப் போனது பரிகாரம்.

போன் வழியாக விற்று அனுப்பிய பார்சல்கள் திரும்பி வந்தன. பூந்தமல்லியில் ஹாஸ்டலில் இருக்கும் பெண், கொக்கி வேலை செய்யவில்லை என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எழுதினாள். மூன்று நாள் கழித்து அதே பெண், அறையில் கூட இருப்பவள் போட்டுவிட்டாள் என்றும், தீபாவளிக்குப் பிறகு அவர்கள் இருவரும் அன்றுதான் பேசிக்கொண்டார்கள் என்றும், ஆனாலும் கொக்கி மோசம்தான் என்றும் எழுதி இன்னொரு நட்சத்திரம் சேர்த்தாள். திருமுல்லைவாயலில் தனியாக இருந்த ஒரு பேங்க் அம்மாள் மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நான்காவது தடவை அனுப்பவில்லை. தினமும் காலையில் கீழே இறங்கி வாட்ச்மேன் மனைவியிடம் முதுகைக் காட்டி நிற்பதாகவும், பிறகு இருவரும் சேர்ந்து காபி குடிப்பதாகவும் கேள்வி. ஆவடி பஸ் நிலையத்தில் கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களிடம் "அக்கா, இத்த கொஞ்சம் மாட்டி உடு" என்று நிற்கிற பெண்கள் அந்த வருஷம் பெருகினார்கள். இவற்றையெல்லாம் நிவேதிதாவிடம் யாராவது சந்தோஷமாகச் சொன்னால், "அப்ப தனியா மாட்ட முடியலன்னுதானே சொல்றீங்க" என்பாள்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியபோதுதான் அம்பத்தூரில் பேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் ஜஸ்டின் போன் செய்தான். தை முகூர்த்தத்துக்கு நூற்றைம்பது பீஸ் வேண்டும், நன்றாக ஓடினால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன், அட்டையில் உங்கள் பெயரையே போடலாம் என்றான். கண்ணாடி ஷெல்பில் தன் பெயர் போட்ட அட்டை என்பது நிவேதிதாவின் தொண்டையில் கல்கண்டு மாதிரி இருந்து கரைந்தது. கம்பெனியில் ஏழு வருஷம் அவள் எழுதிய எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை. "ஆனா மேடம், ஒண்ணு. கொக்கி மேட்டரு காதுல உழுந்துச்சி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நான் வீடியோ கால்ல வரேன். நீங்களே உங்க கையால மாட்டிக் காட்டணும். நடுவுல கேமராவ ஆஃப் பண்ணாம" என்றான் ஜஸ்டின். அவள் சரி என்றாள். சொல்லும்போது புதன்கிழமை மாலை.

இரண்டு நாளில் ஒன்பது விதமான பூட்டு வைத்துப் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் வீட்டில் யார் பேசினாலும் வெடுக்கென்றுதான் பதில் வந்தது. தமிழ்வாணன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வேலைக்குப் போனான். மிஞ்சியது முத்தம்மாள் மட்டும்.

முத்தம்மாள் தமிழ்வாணனின் அக்கா, நிவேதிதாவுக்கு நாத்தனார். கீழ் வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறாள். கணவன் மஞ்சள் காமாலையில் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. தினமும் பத்தரை மணிக்கு மாவு வியாபாரம் ஓய்ந்ததும் மாடிக்கு வருவாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கலந்து கிடக்கும் மணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக் கிண்ணத்தில் போடுவாள். யாரும் கேட்டுச் செய்ததல்ல. ஆனால் எப்போதாவது நிவேதிதா வேறு வழியில்லாமல், "அக்கா, இத எனக்கு மாட்டி விடுங்க" என்றால், முத்தம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கையெல்லாம் மாவா கீதும்மா" என்பாள். எதிர்வீட்டுக் காவ்யாவைக் கூப்பிட்டு மாட்டச் சொல்வாள். ஒரு வருஷமாக இதே பதில். அந்தக் கையால்தான் அவள் மணி பிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பது நிவேதிதாவின் கண்ணில் பட்டதே இல்லை. நாத்தனாருக்குத் தன் வேலை பிடிக்கவில்லை என்று மட்டும் எங்கோ உள்ளுக்குள் குறித்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜஸ்டின் வந்தான். நிவேதிதா போனை மணிப்பெட்டி மேல் சாய்த்து வைத்தாள். பச்சை மணியும் சிறு முத்துமாகக் கோத்த சோக்கர். அவள் அதுவரை செய்ததிலேயே அழகானது. கையைப் பின்னால் கொண்டுபோனாள். கழன்றது. சிரித்தாள், மறுபடி மாட்டினாள். கழன்றது. பத்து நிமிஷம் ஆனது. ஜஸ்டின் நடுவில் ஒரு வாடிக்கையாளருக்கு சீப்பு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். "அவசரம் இல்ல மேடம்" என்றான். இருபது நிமிஷம் ஆனபோது சோக்கர் நழுவி மடியில் விழுந்தது. அவள் அதை எடுத்து எறியப் போனவள், எறியாமல், எதிரில் உட்கார்ந்திருந்த நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒரு கொக்கி. ஒரே ஒரு கொக்கி மாட்டி விடுங்க."

"கையெல்லாம் மாவா..."

"எங்க மாவு? காட்டுங்க. இப்ப இந்த விரலாலதானே மணி பொறுக்கிட்டு இருந்தீங்க?"

முத்தம்மாள் தன் கையை யாருடையதோ போலத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் செய்யறது பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்கக்கா. ஒரு வருஷமா மாவு, மாவு. எனக்கு மட்டும் அடுத்தவங்க கிட்ட கேட்டு நிக்கணும்னு ஆசையா?"

"புடிக்காம இன்னாமா" என்றாள் முத்தம்மாள். கிண்ணத்திலிருந்த பச்சை மணிகளை விரலால் கிளறினாள். பிறகு காய்கறி விலை சொல்வது போலத்தான் சொன்னாள். "உன் கண்ணாலத்துல மொத முடிச்சு தம்பி போட்டான். பின்னால ரெண்டு முடிச்சு நாத்தனா போடணும். நான்தான் போடணும். உங்கம்மா வந்து என் கையப் புடிச்சிகினாங்க. நல்ல விதமாத்தான் சொன்னாங்க. நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லும்மா, பொண்ணு நல்லா இருக்கணும்ல, அப்படின்னு. நல்லா இருக்கணும்தானே. நான் போயி பந்தில எலை போட்டேன். அத்தோட எந்தப் பொம்பள கழுத்தாண்டயும் நான் கை வெக்கறதில்ல. பூ கூட வெச்சி உடறதில்ல. நாளைக்கு உனக்கு எதுனா ஒண்ணுன்னா, என் கை பட்டதாலன்னு நானே நெனச்சிக்குவேன். அதான்."

நிவேதிதாவுக்கு அந்த முகூர்த்தம் நினைவுக்கு வந்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிடரியில் சில்லென்று விரல்கள் பட்டன. அவை தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தியின் விரல்கள். அவள் பெயர் இன்றுவரை நிவேதிதாவுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்து, அக்கா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினொரு வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். எதையும் கேட்காத குணத்தைத் தன் கௌரவம் என்று வைத்திருந்தாள். அதில் இதுவும் சேர்ந்து போயிருந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு நாத்தனாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். "உங்களத்தான் கேக்கறேன். நீங்க போட்டு விடுங்கக்கா" என்றாள்.

அடுப்பில் குக்கர் இரண்டு விசில் அடிக்கும் வரை ஒன்றும் நடக்கவில்லை. நிவேதிதா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பிறகு சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. முத்தம்மாள் மாவே இல்லாத கையை வெகுநேரம் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். கொக்கி வளையத்தில் விழுந்தது. மூச்சுக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்து, "இறுக்கமா கீதா?" என்று கேட்டாள். நிவேதிதா இல்லை என்று தலையாட்டினாள்.

"மேடம், நான் லைன்லதான் கீறேன்" என்றது போன்.

இருவரும் அவனை மறந்தே போயிருந்தார்கள். ஜஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகத் தமிழ்வாணன் பிற்பாடு சிலரிடம் சொன்னான். தமிழ்வாணனோ அந்நேரம் வேலையில் இருந்தான். ஆகையால் அதை நம்ப வேண்டியதில்லை. ஜஸ்டின் சொன்னது இவ்வளவுதான்: "ரொம்ப அழகா கீது. பொய் சொல்லல. ஆனா என் கடைக்கு வர்றதுல பாதி ஹாஸ்டல் பொண்ணுங்க. மாட்டி உட ஆளு எங்க போவாங்க? கோச்சிக்காதீங்க மேடம்." நூற்றைம்பது பீஸும், அட்டையும், கண்ணாடி ஷெல்பும் அத்தோடு போயின.

நிவேதிதாவுக்கு அன்று நிம்மதி பிறந்தது என்று எழுதினால் அது உண்மையாகாது. மத்தியானம் கத்திரிக்காய் கருகியது. சாயங்காலம் கம்பி வளைக்கும் குறட்டைச் சுவரில் எறிந்தாள். சுண்ணாம்பு பெயர்ந்த இடம் இன்னும் இருக்கிறது. மூன்று நாள் மணிப்பெட்டியைத் திறக்கவில்லை. நான்காம் நாள் திறந்தபோது, எல்லா மணியும் நிறம் நிறமாகப் பிரிந்து கிண்ணங்களில் இருந்தது. கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தையில்தான் எதிர்வீட்டுக் காவ்யாவுக்குக் கல்யாணம். வளர்பிறை முகூர்த்தம், பட்டாபிராமில் மண்டபம். முத்து சோக்கர் ஒன்று நிவேதிதாவிடம் சொல்லிச் செய்துகொண்டாள். அதைக் கொடுக்கப் போன நிவேதிதா வாசலில் நின்று, அவள் வாழ்க்கையிலேயே இரண்டாவது தடவையாக மனசு விட்டு ஒன்றைக் கேட்டாள். "கல்யாணத்தன்னிக்கு இத எங்கக்கா கையால போட்டுக்கறியா? முடியாதுன்னா தப்பா நெனைக்க மாட்டேன்." காவ்யா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தார். கல்யாணத்தன்று மணமகள் அறையில் சித்திகளும் அத்தைகளுமாக ஏழு பேர் இருந்தார்கள். அந்த நகை அவர்களில் யார் கைக்கும் பூட்டிக்கொள்ளும். ஆகவே நடந்தது முழுக்கக் காவ்யாவின் விருப்பம்தான். நகையின் மேல் பழி போட வழியில்லை. அறை வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்ற முத்தம்மாளை அவள் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஓர் அத்தை மட்டும், "இன்னாடி இது" என்றார். "கொக்கி மாட்ட வந்துகீறாங்க அத்தே. நீங்க கொஞ்சம் நகுந்துக்கங்க, வெளிச்சம் மறைக்குது" என்றாள் காவ்யா. முத்தம்மாள் பூட்டிவிட்டு, விரலை விட்டுப் பார்த்து, இறுக்கமா என்று கேட்டாள். வெளியே நாதஸ்வரக்காரர் டீ குடித்து முடித்திருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாகிறது. காவ்யா நன்றாக இருக்கிறாள், குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வீடு. புருஷனோடு சண்டையும் உண்டு, எல்லாரையும் போல. பருத்திப்பட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்போது முகூர்த்த நாள் காலையில் யாராவது ஸ்கூட்டரில் வந்து முத்தம்மாளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போன வைகாசியில் ஒரே நாளில் ஐந்து வீடு. நிவேதிதா செய்யாத நகைகளையும், தானே பூட்டிக்கொள்ளக்கூடிய சாதாரண நகைகளையும் கூட, அவளைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். முகூர்த்த நாளில் மாவு ஒன்பது மணிக்கு மேல்தான் கிடைக்கும் என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் குறை சொல்வதில்லை, அன்றைக்கு உப்புமா கிண்டிக்கொள்கிறார்கள்.

நிவேதிதா இன்னும் விட்டபாடில்லை. போன மாதம் ஜெய்ப்பூரிலிருந்து திருகுப் பூட்டு வரவழைத்தாள். அவள் கை அதை எந்தப் பக்கம் திருகினாலும் அது திறக்கிற பக்கம்தான் திரும்பியது. அரைமணி நேரம் திட்டிவிட்டு, ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து "அக்கா" என்று கூப்பிட்டாள். தீபாவளி வியாபாரத்துக்காக ஆவடியில் ஓர் அச்சகத்தில் புது அட்டை அடித்து வாங்கியிருக்கிறாள். முன்பக்கம் அவள் பெயர். பின்பக்கம் மூன்று வரி, சின்ன எழுத்தில்: தண்ணீர் படக் கூடாது. செண்ட் படக் கூடாது. போட்டுவிட ஓர் ஆள் வேண்டும்.